டர்பனில் டூப்ளெக்ஸா, தனி வீடா? விலை ஒப்பீடு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஃபீனிக்ஸில் மூன்று அறை டூப்ளெக்ஸ், அதே மூன்று அறையில் தனி வீடு. டூப்ளெக்ஸ் 2 லட்சம் ராண்ட் குறைவு. அதையே எடுக்கலாமா?

பதில்: லெவி, அதாவது டூப்ளெக்ஸ் வளாகத்தின் பொதுச் செலவுக்கு மாதாமாதம் கட்டும் தொகை, எவ்வளவு என்று கேட்டீர்களா தம்பி? 2,500 என்று வைத்துக்கொள்வோம். 20 வருடக் கடன், 10.5% வட்டி என்றால் ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை கிட்டத்தட்ட 1,000 ராண்ட், அப்படியென்றால் அந்த லெவி இரண்டரை லட்சம் கடனுக்குச் சமம், நீங்கள் மிச்சம் என்று நினைத்தது அங்கேயே போய்விட்டது. ஆனால் கட்டட இன்சூரன்ஸும் வெளிப்பக்கப் பராமரிப்பும் பெரும்பாலும் லெவியிலேயே அடங்கும், தனி வீட்டில் அதெல்லாம் உங்கள் கைக்காசு. அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். முனிசிபாலிட்டி வரி இரண்டுக்கும் உண்டு.

கேள்வி: சதுர மீட்டர் கணக்கில் ஒப்பிட்டால் சரிதானே?

பதில்: ஓரளவுக்குத்தான். செக்‌ஷனல் டைட்டிலில், அதாவது டூப்ளெக்ஸ் போல வளாகத்துக்குள் ஒரு பகுதியை மட்டும் சொந்தமாக வாங்கும் முறையில், சுவரின் நடுக்கோடு வரை அளப்பார்கள், கராஜும் அதே செக்‌ஷனில் இருந்தால் அதுவும் சேரும். 110 சதுர மீட்டரில் கராஜுக்கு 18, மாடிப்படிக்கு 6 போனால் புழங்க மிஞ்சுவது 86தான். பிளானை வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் ஒட்டு வீடு (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் பொது) பார்த்தோம். பின்னால் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், அதற்கும் சேர்த்து விலை சொல்கிறார்கள் அண்ணா.

பதில்: அக்கா, இதில் அவசரப்படாதீர்கள். 1960களில் கவுன்சில் கட்டிக் கொடுத்த சின்ன வீடுகள் அவை, குடும்பம் பெருகப் பெருக நம் ஜனங்கள் சிறுகச் சிறுகச் சேமித்து அறை சேர்த்தார்கள், அந்த உழைப்புக்கு விலை கேட்பது நியாயம்தான். ஆனால் அங்கீகரித்த பிளான் இருக்கிறதா? 1977 கட்டடச் சட்டப்படி பிளான் ஒப்புதல் இல்லாமல் கட்டக்கூடாது. பேங்க் மதிப்பீட்டாளர் அந்த அறைகளைக் கணக்கில் எடுக்காமல் விடலாம், அப்போது வித்தியாசத்தை நீங்கள் ரொக்கமாகப் போட வேண்டிவரும். வாங்கியபின் பிளான் போடும் செலவும், இடிக்கச் சொன்னால் அந்த நஷ்டமும் உங்கள் தலையில். பிளானைக் காட்டும் வரை கையெழுத்துப் போடாதீர்கள், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரில் ஈரம் இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: புது வீடு, பழைய வீடு, வரியில் வித்தியாசம் உண்டா?

பதில்: உண்டு. டெவலப்பரிடம் நேரே வாங்கினால் பொதுவாக 15% வாட் விலைக்குள்ளேயே இருக்கும், டிரான்ஸ்ஃபர் டியூட்டி (சொத்தைப் பெயர் மாற்றும்போது கட்டும் வரி) கிடையாது. தனியாரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு 2025 ஏப்ரலிலிருந்து 12,10,000 ராண்ட் வரை டியூட்டி இல்லை, அதற்கு மேற்பட்ட தொகைக்கு 3% தொடங்கி ஏறும். வக்கீல் கட்டணம் தனி.