டிரான்ஸ்பார்மர் இல்லாமல் டிசி வோல்டேஜைக் கூட்ட முடியுமா?

டிரான்ஸ்பார்மர் டிசியில் வேலை செய்யாது, அப்படியிருக்க டிரான்சிஸ்டர் காலத்துக்கு முன்னால் பேட்டரியிலிருந்து 250 வோல்ட் எப்படி எடுத்தார்கள் என்று கேட்கிறீர்கள். வைவா (வாய்மொழித் தேர்வு) நெருங்குகிறது போல. டைனமோட்டார் என்று சொல்லுங்கள். ஆனால் நான் பட்டதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

பாலிடெக்னிக் படித்தபோது மூர் மார்க்கெட்டில் ஒன்று வாங்கினேன். இரண்டாம் உலகப்போர் விமான ரேடியோவின் மிச்சம். தகட்டில் உள்ளே 28 வோல்ட் 1.1 ஆம்பியர், வெளியே 250 வோல்ட் 60 மில்லி ஆம்பியர். ஒரே ஆர்மேச்சரில் (சுழலும் பாகம்) இரண்டு வைண்டிங், முனைக்கொரு கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்புப் பட்டை வளையம்). ஒரு பக்கம் மோட்டாராக ஓடும், மறுபக்கம் ஜெனரேட்டராகக் கொடுக்கும். லாரி பேட்டரி இரண்டைக் கோத்து 24 கொடுத்தேன். 210-ஐ ஒட்டி வந்தது.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், "அவுட்புட் குறைந்தால் என்ன செய்வாய்?" என்றார். உள்ளே கொடுப்பதைத்தான் கூட்ட வேண்டும் என்றேன். "பீல்டைக் (ஆர்மேச்சரைச் சுற்றியுள்ள காந்தப்புலம்) கூட்டினால் போதாதா?" என்று சிரித்தார். போதாது சார். இரண்டு வைண்டிங்குக்கும் ஒரே பீல்டு. அதைக் கூட்டினால் வேகம் இறங்கும், வோல்டேஜ் ஏறக்குறைய அப்படியேதான் நிற்கும். மார்க் போனது போனதுதான். இரண்டு தனி மெஷினை ஒரே ஷாஃப்டில் கோத்த மோட்டார்-ஜெனரேட்டர் செட்டில் பீல்டும் தனித்தனி, அதற்கு அவர் சொன்னது சரி, அதை நான் மறுக்கவில்லை. நான் பேசியது டைனமோட்டாரைப் பற்றி.

நானும் ஒன்றும் மேதாவி இல்லை. 24 வோல்ட் பக்கத்து பிரஷ் (கம்யூட்டேட்டரை உரசிக் கரண்ட் கொடுக்கும் துண்டு) தேய்ந்ததும், மிக்ஸி ரிப்பேர் கடையில் கிடைத்த சாதா கார்பனை அரத்தால் ராவிப் போட்டேன். அந்தப் பக்கம் கரண்ட் அதிகம் என்பதால் செம்பு கலந்த பிரஷ்தான் போட வேண்டும். கால் மணி நேரத்தில் தொட முடியாத சூடு, கருகல் வாடை, அவுட்புட்டும் படுத்துவிட்டது.

"பூஸ்ட் கன்வர்ட்டர் இருக்கே அங்கிள்" என்று, டிசி வோல்டேஜைக் கூட்டும் இன்றைய எலக்ட்ரானிக் சர்க்யூட்டைச் சொல்லி யாராவது கீழே எழுதுவீர்கள். தெரியும் தம்பி. டைனமோட்டார் 31 வாட் தின்று 15 வாட் கொடுக்கும், அலறும், பிரஷ் தூள் கொட்டும். கேள்வி அந்தக் காலத்தைப் பற்றியது.

படம் போடலாம் என்றால் பொருள் கையில் இல்லை. நான் வேலைக்காக வெளியூரில் இருந்தபோது, பரண் சுத்தம் செய்கிறேன் என்று வந்த மைத்துனர் அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். செம்பு விலைகூடக் கேட்கவில்லை, இரும்பு விலைக்கே கொடுத்திருக்கிறார்!