அந்த ஒரு வரிக்குத்தான் முதலில் பதில்

கேள்வி: வயது 36. திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. இசிஜி, தைராய்டு எல்லாம் சரி என்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. காலையில்தான் மனசு ரொம்பக் கனக்கிறது, நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது. டாக்டர் பதற்றத்துக்குத் தந்த எஸ்சிட்டலோபிராம் மாத்திரையை, இணையத்தில் படித்துப் பயந்து நான்கே நாளில் நிறுத்திவிட்டேன். அம்மாவின் தூக்க மாத்திரையால் சமாளிக்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமா?

பதில்: பிடிக்காது. நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் இந்தத் திடீர் பீதிக்குப் பேனிக் அட்டாக் என்று பெயர்; அது வருகிறவர்களில் பலரும் கேட்பது இதைத்தான். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவது அதனால். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். இன்னொரு இசிஜி வேண்டாம்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது 'நான் இல்லாமல் போனால்' என்ற வரியை. தூக்கத்துக்கும் மாத்திரைக்கும் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் சொல்வார்கள். ஒருவர் அரை மணி நேரம் வயிற்றெரிச்சலைப் பற்றியே பேசிவிட்டு, கிளம்பும்போது கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி, முகத்தைத் திருப்பாமலே இதைச் சொன்னார். மறுபடி உட்காரவைத்துப் பேசினோம்.

விடியுமுன் விழிப்பு, காலையில் கனக்கும் மனசு, வீட்டுக்கே பாரம் என்ற நினைப்பு: இவை சேர்ந்து வந்தால் மனச்சோர்வு நோய் என்றுதான் சந்தேகிப்பேன். அந்த நினைப்பு கோழைத்தனம் அல்ல. காய்ச்சலில் உடம்பு சுடுகிற மாதிரி, நோயின் அறிகுறி. சிகிச்சையில் குறையும்.

இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள். தூக்க மாத்திரைகளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். 'எப்படிச் சாவது' என்கிற அளவுக்கு யோசனை போயிருந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அவரைக் கூட்டிக்கொண்டு உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று வீட்டில் இருப்பவர்களும் தயங்காமல் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

அப்புறம், மாத்திரை. எஸ்சிட்டலோபிராம் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். குமட்டல், பதற்றம் போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வரும், பிறகு தணியும். நான்கு நாளில் நிறுத்தினால் தொல்லையை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலனை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். மருந்தை எழுதித் தந்தவரிடம் கேட்காமல், முகம் தெரியாத யாரோ எழுதியதைப் படித்து நிறுத்துவது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம். ஆரம்ப நாட்களில் அந்த எண்ணம் அதிகமானால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவின் மாத்திரை அம்மாவுக்கு. சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும் ரகங்கள் அதில் உண்டு. தினமும் போட்டுவந்திருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள்; அதையும் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நாளைக்கே அவரிடம் போங்கள். வாயால் சொல்ல வரவில்லை என்றால் இந்தக் கடிதத்திலேயே அந்த வரியின் கீழ் கோடு போட்டு, அவர் மேசை மீது வையுங்கள்.