பாண்டு

அன்புள்ள ஐயா,

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலில் உயிரிழந்த துகாராம் ஓம்ப்ளேயைப் பற்றி எங்கள் பள்ளி விழாவில் பேச இருக்கிறேன். முன்னாள் ராணுவ வீரரான அவர் பின்னர் சாதாரண போலீஸ்காரராக இருந்தவர். வெறும் தடியோடு ஏகே-47 துப்பாக்கியை எதிர்கொண்ட அந்தத் துணிவு ராணுவம் தந்ததா, காவல்துறை தந்ததா? 2021இல் ஒரு சிலந்தி இனத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்களே, அது அவமதிப்பு அல்லவா?

ச.மு.

அன்புள்ள ச.மு.,

அவர் உயிரிழந்த மும்பைக் கடற்கரையான கிர்காவ் சௌபாட்டியில் அவருடைய சிலையின் முன் நின்றுவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே எழுதுகிறேன். சிலந்தியை விட்டுவிடுங்கள். சிலந்திகளை ஆராய்பவர்கள் தாங்கள் கண்டெடுத்ததற்கு ஒரு பெயரைத் தேடும்போது இவரை நினைத்திருக்கிறார்கள். அதில் கோபப்பட என்ன இருக்கிறது?

நான் கோபப்படுவது உங்கள் கடிதத்தில் உள்ள 'வெறும் தடியோடு' என்ற சொற்களைப் பார்த்துத்தான். ஒவ்வொரு நவம்பரிலும் எல்லா மேடைகளிலும் இதையே பெருமையாகச் சொல்கிறோம். பயங்கரவாதிகள் துப்பாக்கிகளோடு வருகிறார்கள் என்று தெரிந்த பிறகும் ஓர் உதவி சப்-இன்ஸ்பெக்டர் (ஆம், அதுதான் அவருடைய பதவி, விழாவில் அதையாவது சரியாகச் சொல்லுங்கள்) தடியோடு சாலையில் நின்றார் என்பது அவருக்குப் புகழ் என்றால், அவரை அப்படி நிற்கவைத்த அரசுக்கு அது என்ன? தடி கூட்டத்தை ஒதுக்குவதற்கானது. அந்த நள்ளிரவில் அவர்கள் கடத்திவந்த ஸ்கோடா கார் போலீஸ் தடுப்புக்கு முன்னால் நின்று, திரும்ப முயன்று, சாலை நடுவிலிருந்த திட்டில் மோதியபின், காரில் இருந்த பயங்கரவாதி கசாபின் துப்பாக்கிக் குழாயை அவர் இரு கைகளாலும் பற்றிக்கொண்டபோது, அந்தத் தடியால் அவருக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. குண்டுகளை அவர் உடலே வாங்கிக்கொண்டது. பின்னால் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடல்வழியாக வந்த பத்துப் பேரில் கசாப் ஒருவன் மட்டும் உயிரோடு பிடிபட்டான். பொய்யான இந்திய அடையாள அட்டைகளோடு வந்தவர்கள் யார் என்பதை அவன் வழியாகவே நீதிமன்றத்தில் நிறுவ முடிந்தது. 2009 குடியரசு நாளில், அமைதிக்கால வீரத்துக்கான உயரிய விருதான அசோகச் சக்கரத்தை ஓம்ப்ளேக்குக் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், தடியைப் பற்றிய கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ராணுவமா காவல்துறையா என்று கேட்டிருந்தீர்கள். சாத்தாரா மாவட்டத்துக் கேடம்பே கிராமத்திலிருந்து போன அவர் ராணுவத்தில் இருந்தது சிக்னல் பிரிவில். செய்தித்தொடர்புதான் அந்தப் பிரிவின் வேலை. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மும்பை மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த சாலில் (பல குடும்பங்கள் ஒற்றை அறைகளில் வாழும் மாடிக் குடியிருப்பு அது), அவரைப் போலவே ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து போலீஸில் ஹவல்தாராக, அதாவது தலைமைக் காவலராக, இருந்த ஒரு மராட்டியர் இருந்தார். இரவுப் பணி முடிந்து வந்தாலும் தன் காக்கிச் சட்டையைத் தானே துவைத்து, தானே பெட்டிபோடுவார். மும்பையில் கீழ்நிலைப் போலீஸ்காரரைக் கேலியாகப் 'பாண்டு' என்பார்கள். பொதுக்குழாயடியில் அவர் தலை தெரிந்ததும் நாங்கள் சிறுவர்கள் அந்தப் பெயரைக் கத்திவிட்டு மாடிப்படியில் ஓடி ஒளிவோம். அவர் ஒருமுறைகூட எங்கள் வீட்டில் வந்து புகார் சொன்னதில்லை.

விநாயகர் சிலைகளைக் கடலில் கரைக்கும் ஒரு விசர்ஜன இரவில், அதே சௌபாட்டியில், அப்பாவின் கையை விட்டுவிட்டு நெரிசலில் சிக்கி அழுதுகொண்டிருந்த என்னை அவர்தான் கண்டார். என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, தடியின் இரு முனைகளையும் பிடித்துக் குறுக்கே நீட்டி, அப்பா வந்து சேரும்வரை அந்தக் கூட்டத்தின் பாரம் முழுவதையும் தன் மார்பில் தாங்கிக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் அவர் யார் என்று அப்பா கேட்டார். எதிர்வீட்டு மனிதரின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்த ஒரே பெயரை அப்பாவிடம் சொல்ல முடியவில்லை.