தெய்வீக சுகமும் விசுவாசமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, அம்மாவுக்குப் புற்றுநோய். சபையே உபவாசித்து ஜெபித்தும் போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள். "உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை" என்று ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு ஜெபிக்கவே வாய் வரவில்லை.

பதில்: மகளே, அவர் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் மாற்கு 2:5 சொல்கிறது. பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கியவர் யாரென்றே தெரியாது. யாக்கோபு 5-ஆம் அதிகாரம் வியாதிக்காரனைச் சபையின் மூப்பர்களை வரவழைக்கச் சொல்கிறது. விசுவாசத்தோடு ஜெபிக்க வேண்டியது வந்த மூப்பர்கள். அப்படியிருக்க, சுகம் கிடைக்காதபோது மட்டும் படுக்கையில் கிடந்தவர் மீதும் அழுது ஜெபித்த பிள்ளை மீதும் பழி போடுவது எந்த நியாயம்? தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுலே எழுதுகிறார். பவுலுக்கா விசுவாசம் பத்தவில்லை?

கேள்வி: ஆனால் நாசரேத்தில் ஜனங்களின் அவிசுவாசத்தால் ஆண்டவர் அதிக அற்புதம் செய்யவில்லையே?

பதில்: உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர்கள் யார்? "இவன் தச்சன் அல்லவா" என்று இடறலடைந்து, அவரே வேண்டாம் என்றவர்கள். தடுமாறிக்கொண்டே அவரிடம் வருகிறவரை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனின் பிள்ளை அன்றே சுகமானான். விசுவாசம் என்பது சந்தேகமே எழாத மனநிலை என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். சந்தேகத்தையும் அவரிடமே கொண்டுபோனார் அந்த மனிதர்.

கேள்வி: சுகமளிக்கும் கூட்டத்தில் எனக்காக ஜெபித்தார்கள். இனி இன்சுலின் போட்டால் அவிசுவாசம் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா பிரதர்?

பதில்: கூடவே கூடாது. இன்சுலினைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. குஷ்டரோகி சுத்தமானவுடன் ஆண்டவர் அவனிடம் என்ன சொன்னார்? ஆசாரியனுக்குக் காண்பி என்றார். அன்றைக்கு அதைப் பார்த்து உறுதி செய்யும் பொறுப்பு ஆசாரியனுக்கு இருந்தது. நீங்களும் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டுங்கள். கர்த்தர் சுகம் தந்திருந்தால் அது ரத்தப் பரிசோதனையில் தெரியும்; மருந்தைக் குறைப்பதா நிறுத்துவதா என்று டாக்டர் சொல்லட்டும்.

வியாதியாயிருந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டித் தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின் (கட்டியின்) மேல் வைக்கச் சொன்னார். சுவிசேஷம் எழுதிய லூக்காவும் ஒரு வைத்தியர்தான். மருந்தையும் ஜெபத்தையும் எதிரெதிரே நிறுத்துகிற போதனையால் உயிர்கள் போகின்றன. இதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

கேள்வி: இயேசுவின் "தழும்புகளால் குணமானீர்கள்" என்று வேதத்தில் இருக்கிறதே. அப்படியானால் வியாதியே நமக்கு வரக்கூடாது அல்லவா?

பதில்: 1 பேதுரு 2:24-ஐ முழுதாக வாசியுங்கள், அங்கே பாவத்துக்குச் செத்து நீதிக்குப் பிழைப்பதுதான் பேச்சு. ஆனால் மத்தேயு 8:17, பேதுரு எடுத்துச் சொல்லும் அதே ஏசாயா 53-ஐச் சரீர நோய்களுக்கும் பொருத்துகிறது. ஆகவே சிலுவையில் சரீர சுகத்துக்கும் இடம் உண்டு என்றே நான் விசுவாசிக்கிறேன். அதன் முழுமையோ உயிர்த்தெழுதலில்தான். ரோமர் 8:23 சொல்கிறபடி, நம் சரீர மீட்புக்கு இன்னும் காத்திருக்கிறோம். இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவும் பிறகு மறுபடி மரித்தவர்தானே.

கேள்வி: வியாதி வந்தாலே பாவம்தான் காரணமா?

பதில்: இல்லை. யோவான் 9:3 பாருங்கள்; பிறவிக்குருடனைக் குறித்து, அது அவன் செய்த பாவமும் அல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்றார் இயேசு.

கேள்வி: "உமக்குச் சித்தமானால்" என்று ஜெபிப்பது அவிசுவாசமா?

பதில்: கெத்செமனேயில் ஆண்டவரே அப்படி ஜெபித்தார். அதற்காக அரைமனதாகக் கேட்க வேண்டாம். வியாதியைப் பெயர் சொல்லி, சுகம் தாரும் என்று தெளிவாகக் கேளுங்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் கேட்டு, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வரும்வரை விடவில்லை. உங்களுக்குப் பதில் வரும்வரை நீங்களும் கேளுங்கள். வியாதியஸ்தரைப் பார்க்கப் போகும்போது மட்டும், "இத்தனை நாளில் எழுந்துவிடுவீர்கள்" என்று நாமாகத் தேதி குறித்துக் கொடுக்க வேண்டாம்.