ஜூன் பனியில் ஃபவுல்ஹோர்ன் ஏறலாமா?

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகிறோம். கிரிண்டெல்வால்டிலிருந்து ஃபவுல்ஹோர்ன் உச்சிக்கு நடக்க ஆசை. நானும் கணவரும் வாரம் தவறாமல் புக்கிட் தீமா குன்றில் ஏறுகிறோம், எங்கள் புளோக் படிகளிலும் பையைச் சுமந்து ஏறி இறங்குகிறோம். வெப்கேமில் பார்த்தால் மேலே இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. கோடைதானே, நாங்கள் போவதற்குள் கரைந்துவிடாதா? மகனுக்கு 12 வயது.
- வாசகி, ஈசூன்

பதில்: கரையும், ஆனால் உங்கள் டிக்கெட் தேதியைப் பார்த்துக் கரையாது. ஃபவுல்ஹோர்ன் 2,681 மீட்டர் உயரம். அங்கே ஜூன் முதல் பாதியில் பனி கிடப்பது சாதாரண விஷயம், வெயில் அதிகம் படாத வடக்குச் சரிவுகளில் இன்னும் தாமதமாகும். வேடிக்கை என்னவென்றால், இதே உச்சிக்குக் குளிர்காலத்தில் பலர் நடந்தே போகிறார்கள், ஏனென்றால் அப்போது பாதையை இயந்திரத்தால் சமன்படுத்தி வைக்கிறார்கள். ஜூனில் அந்த வேலை நடக்காது, வழிகாட்டப் பாறையில் தீட்டிய வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறிகளும் பனிக்கடியில் கிடக்கும்.

உங்கள் உடல்வலு பற்றி எனக்குக் கவலையில்லை. கோண்டோலா கேபிள் காரில் ஃபர்ஸ்ட் என்ற மேல் நிலையம் வரை போய்விட்டால் மிச்சம் ஏற வேண்டியது 500 மீட்டர் சொச்சம், புக்கிட் தீமா 163 மீட்டர் என்பதால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். காற்று அங்கே மெலிந்திருப்பதால் மூச்சு வாங்கும், மெதுவாக நடந்தால் சரியாகிவிடும். ஆனால் புளோக் படிக்கட்டு சொல்லித்தராத ஒன்று இருக்கிறது, சரிவில் கிடக்கும் பனியைக் குறுக்காகக் கடப்பது. இரவுக் குளிரில் இறுகிய பனி காலையில் கல்லாக இருக்கும், அதில் வழுக்கினால் கை ஊன்றி நிற்க முடியாது, சரிவு முடியும் இடம் வரை போக வேண்டியதுதான். மதியத்துக்குள் அதே பனி இளகி முழங்கால்வரை கால் புதையும், செங்குத்தான இடங்களில் ஈரப்பனி மொத்தமாகச் சரிந்தும் வரலாம். ஓடைகளின் மேல் மூடியிருக்கும் பனி அடியிலிருந்து கரைவதால் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் விலகிப் போங்கள்.

காலணியில் மாட்டும் சிறு முட்சங்கிலி, அதாவது மைக்ரோஸ்பைக்ஸ், வாங்கிவிட்டோமே என்பீர்கள். சமதளத்து இறுகிய பனிக்கு அது நல்ல சாமான். செங்குத்துச் சரிவுக்குக் காலணியில் கட்டும் நீண்ட முட்களான கிராம்பானும் பனிக்கோடரியும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தப் பழகியும் இருக்க வேண்டும், விடுமுறைக்குப் போன இடத்தில் 12 வயதுப் பையனை வைத்துக்கொண்டு அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

நான் என்றால் பாக்ஆல்ப்ஸே ஏரியோடு நிறுத்திக்கொள்வேன். ஃபர்ஸ்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர நடை, ஜூன் தொடக்கத்தில் ஏரியே பாதி உறைந்திருக்கலாம், அதுவே கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அந்தப் பாதையும் திறந்திருக்கிறதா என்று அன்று காலை கோண்டோலா கவுண்டரில் கேட்டுவிடுங்கள். மலையில் பிற்பகல் இடிமழை வரும், கடைசி கோண்டோலாவுக்கும் நேரம் உண்டு, அதனால் சீக்கிரம் திரும்புங்கள். மலைமீட்பு ஹெலிகாப்டருக்கு, சுவிஸ் வான்வழி மீட்பு அமைப்பான ரேகாவின் (Rega) எண் 1414. உங்கள் பயணக் காப்புறுதி அந்தச் செலவை ஏற்குமா என்று புறப்படும் முன்பே படித்துப் பாருங்கள்.

உச்சிதான் வேண்டும் என்றால் செப்டம்பர் ஒரு வார விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பனி அப்போது பெரும்பாலும் போயிருக்கும்.

கேள்வி: குளிரான இடம்தானே, சன்கிரீம் எதற்கு?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் அந்தக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது, புதுப்பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். அதனால் முகவாய்க்குக் கீழேயும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும்கூடத் தடவுங்கள். கண்ணுக்குப் பக்கவாட்டையும் மறைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி 400 கண்ணாடி போதும், ஃபேஷன் கண்ணாடி வேண்டாம். பனிவெளியில் கண் சுட்டுப்போனால் உடனே தெரியாது, ராத்திரி ஹோட்டலில்தான் உறுத்தல் ஆரம்பிக்கும்.