அம்மாவின் நேர்த்திக்கு டிரைவரா?

கேள்வி: கிளிநொச்சியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். வயது 41. 2009இல் போர் முடிந்தபோது செட்டிகுளம் அகதி முகாமுக்கு மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்தவன். இன்று இரண்டு லொறி, மாடி வீடு எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் மனதில் ஒரு வெறுமை. பூசையிலும் மனம் நிற்பதில்லை. கோயிலுக்கு மணிக்கோபுரம் கட்டிக் கொடுக்கலாமா, இந்தியாவுக்குத் தியானத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நான் உயிர் தப்பியதற்காக அவர் வைத்த நேர்த்திக்கு ஒவ்வொரு ஆவணியும் டிரைவரோடு மடு மாதா கோயில் திருவிழாவுக்கு அனுப்பி வைக்கிறேன். எனக்கு ஏன் நிம்மதி இல்லை?

பதில்: தம்பி, கோபுரத்தையும் இந்தியாவையும் விடுங்கள். அந்த டிரைவரிடம் வருவோம்.

நேர்த்தி யாருடைய உயிருக்கு? உங்களுடையது. அதற்கு நன்றி சொல்ல அம்மா மடுவுக்குப் போகிறார், நீங்கள் கடையில் சீமெந்து மூடை எண்ணுகிறீர்கள். திருவிழாக் காலத்தில் அங்கே மரங்களுக்குக் கீழே ஒரு பாயில் ஒரு குடும்பமே இருக்கும், பக்கத்தில் அடுப்பு எரியும், பிள்ளைகள் புழுதியில் ஓடும். அதற்கு நடுவே உங்கள் அம்மா, சம்பளத்துக்கு வந்த ஒரு பையனோடு மெழுகுதிரி கொளுத்துகிறார். வரும்போது மடு மண் ஒரு பிடி முடிந்துகொண்டு வந்திருப்பார். அதை வீட்டில் எங்கே வைத்திருக்கிறார், தெரியுமா? 2008 சித்திரையில் போரினால் மடு மாதாவின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தபோது, மாதாவும் எங்களோடு அகதியானா என்று அழுத தலைமுறை அது.

நீங்கள் உழைத்ததைக் குறை சொல்லவில்லை. முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவன் பிள்ளைகளுக்குக் கல்வீடு கட்டத்தான் வேண்டும். ஆனால் அதே வியாபாரக் கணக்கோடு கடவுளிடமும் போகிறீர்களே! கோபுரத்துக்கு இவ்வளவு, நிம்மதிக்கு எவ்வளவு என்று விலை பேசி வாங்குகிற பொருளா விசுவாசம்?

வட ஆபிரிக்காவில் பிறந்த புனித அகுஸ்தீனாரும் அம்மாவை விட்டுவிட்டுப் போனவர்தான். 383இல், கூடவே வருவேன் என்று நின்ற தாய் மொனிக்காவிடம் பொய் சொல்லி, அந்தத் தாய் கடற்கரைக் கோயிலில் இரவெல்லாம் செபித்திருக்க, ரோமுக்குக் கப்பலேறினார். அப்புறம் மிலானில் பெரிய ஆசிரியப் பதவி, பெயர், புகழ். தாயும் விடாமல் கடல் கடந்து பின்னால் போனார். 386இல் மகன் மனம் திரும்பிப் பதவியை விட்டார், 387இல் ஞானஸ்நானம் பெற்றார். அந்த வருடமே, ஊர் திரும்பும் வழியில் ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகமான ஒஸ்தியாவில், இருவரும் ஒரு சன்னலோரம் நின்று நித்திய வாழ்வைப் பற்றிப் பேசினார்கள். சில நாட்களில் காய்ச்சல் வந்து தாய் இறந்துவிட்டார். மகனுக்குக் கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

உங்கள் வயதை எழுதினீர்கள், லொறிகளை எண்ணி எழுதினீர்கள். அம்மாவின் வயதை எழுதவில்லை. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆவணி (ஓகஸ்ட்) 15 திருவிழாவுக்குக் கடையைப் பூட்டுங்கள். டிரைவருக்கு லீவு. வானை நீங்களே ஓட்டுங்கள், மனைவி பிள்ளைகளும் வரட்டும். காலையில் போய்ப் பின்னேரம் திரும்புகிற வேலை வேண்டாம், இரண்டு இரவாவது மரத்தடியில் படுங்கள். அம்மா செபமாலை தொடங்கினால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். மறந்துபோன இடத்தில் அவரே எடுத்துக் கொடுப்பார்.

தியானத்தைப் பற்றி வந்த பிறகு எழுதுங்கள்.