இரண்டு வாரம் போய் என்ன செய்வது?

வணக்கம் சார்,

எனக்கு ஆத்தூர் பக்கம். எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. சேலத்தில் தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலை, பெரும்பாலும் லேப்ராஸ்கோபிதான், சிறு துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன். நீங்கள் மலாவி போய்வந்ததை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து நானும் போகவேண்டும் என்று இருக்கிறது, ஆனால் லீவு இரண்டு வாரம்தான் கிடைக்கும். வீட்டில் சொன்னதும் மாமா, "ஏற்காட்டு மலையில இருக்கிறவனுக்கு ஆபரேஷன் பண்ண ஆளில்லை, நீ ஆப்பிரிக்காவுக்குப் போறியா?" என்றார். சீனியர் ஒருவர் "எல்லாம் போட்டோ எடுக்கப் போறதுதான்" என்கிறார். போகலாமா? போவதென்றால் என்ன தயார் செய்துகொள்வது?

ம., ஆத்தூர்

அன்புள்ள ம.,

மாமா கேட்டதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் சம்பளத்துக்கு லண்டன் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அவர் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியிருப்பார், ஏற்காட்டு மலை ஞாபகத்துக்கே வந்திருக்காது. மலைக்குத்தான் போகவேண்டும் என்றால் சித்திலிங்கி இருக்கிறது. 1993இல் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி, சேலத்தில் காலையில் வண்டி எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஒருமுறை போய்ப் பாருங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு. அதற்காக மலாவியை விடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஏனென்றால் நம்மிடமும் அப்படி ஒருவர் வந்திருக்கிறார். ஹோவர்ட் சோமர்வெல், 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த அறுவை மருத்துவர். மலையிலிருந்து இறங்கி, ஊர் திரும்பும்முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தெற்கே வந்தவர் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அப்போது அது தென் திருவிதாங்கூர், இன்றைக்கு நம் குமரி மாவட்டம். அங்கே காத்திருந்த கூட்டத்தையும் அதற்கு இருந்த மருத்துவர்களின் எண்ணிக்கையையும் பார்த்தபின் அவரால் லண்டன் வேலைக்குப் போகமுடியவில்லை. 1924இல் மறுபடி எவரெஸ்ட் போய்வந்தார், அது வேறு கதை. மொத்தம் ஏறக்குறைய 40 வருடம் இந்தியாவிலேயே இருந்தார். அவரும் முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர்தான், அதனால் உங்கள் இரண்டு வாரத்தை நான் கேலி செய்யமாட்டேன்.

சரி, என் கதையில் முன்பு எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

நான் போனது மலையடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. மும்பையிலிருந்து எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா, அங்கிருந்து மலாவித் தலைநகர் லிலாங்வே, அப்புறம் ஜீப்பில் நாலரை மணி நேரம். காலையில் வார்டுக்கு வெளியே நோயாளிகளின் சொந்தக்காரர்கள் மூன்று கல் வைத்து மக்காச்சோள மாவில் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள், அதற்கு அங்கே சீமா என்று பெயர். நம் ராகிக் களியின் வெள்ளைக்காரத் தம்பி மாதிரி இருக்கும். அந்தப் புகையைப் பார்த்ததும் ஊருக்கே வந்துவிட்டது போல இருந்தது, அதனால்தானோ என்னவோ எனக்கு எல்லாம் தெரியும் என்ற தைரியமும் வந்துவிட்டது.

அந்த நாட்டில் அறுவை மருத்துவர்கள் மிகக் குறைவு. சிசேரியன்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் 'கிளினிக்கல் ஆபீசர்' என்பவர்கள். மூன்று வருட டிப்ளமோ, ஒரு வருடப் பயிற்சி, அவ்வளவுதான். நம் ஊரில் இதைச் சொன்னால் போலி டாக்டர் என்பார்கள். எனக்கு உதவியாக நின்றவருக்கு முப்பது வயதிருக்கும், என்னைவிட வேகமாக சிசேரியன் செய்வார்.

கிளம்புவதற்கு முந்தின நாள், கழுத்தில் மாங்காய் அளவுக்குக் கட்டியுள்ள ஒரு அம்மா வந்தார். தைராய்டு. அதை அன்றைக்கே எடுத்திருக்கவே கூடாது. "இத்தனை தூரம் வந்துவிட்டார், நான் போனால் யார் செய்வார்கள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்தேன். உண்மையில் எனக்கு ஆசை. சுத்தமாக முடிந்தது, எல்லோரும் கைகொடுத்தார்கள், விடியற்காலை ஜீப் ஏறிவிட்டேன். அடுத்த நாள் ராத்திரி உள்ளே ரத்தம் கசிந்து கழுத்து வீங்கி அந்த அம்மாவுக்கு மூச்சு அடைத்திருக்கிறது. அந்த ஆபீசர்தான் கட்டிலிலேயே வைத்துத் தையலைப் பிரித்து ரத்தக்கட்டியை விரலால் வழித்து எடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். இப்படி ஆனால் என்ன செய்வது என்று நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவில்லை. மறுவருடம் போனபோது நர்ஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த ஆபீசர் சொல்லவே இல்லை.

அந்த இரண்டாவது முறை நான் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். கத்தி அவர் கையில். குடலிறக்கம் மட்டும் பதினெட்டு செய்தோம், கடைசிப் பத்தில் நான் பேசவே இல்லை. குடலிறங்கிய இடத்தில் உள்ளே வைத்துத் தைக்கும் வலைத்துண்டுக்கு விலை கட்டுப்படியாகாது என்றபோது, மகாராஷ்டிரத்தில் டோங்காவ்கர் என்ற மருத்துவர் கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கம் செய்து பயன்படுத்தியதைச் சொன்னேன். உகாண்டாவில் முறையாகச் சோதித்துப் பார்த்ததிலும் விலையுயர்ந்த வலைக்கு அது சளைக்கவில்லை. நான் அங்கே கொடுத்துவிட்டு வந்தவற்றில் உருப்படியானது இந்தத் தகவல்தான் என்று நினைக்கிறேன்.

அதனால், ம., போங்கள். முதல் தடவை இரண்டு வாரம் போதும், ஆனால் அடுத்த வருடமும் அதே ஊருக்குப் போவதாக இருந்தால் போங்கள். கடைசி நான்கு நாளில் பெரிய ஆபரேஷன் எதையும் தொடாதீர்கள், யார் எவ்வளவு கெஞ்சினாலும். போட்டோவைப் பற்றி உங்கள் சீனியர் சொல்வது சரி, போனைப் பெட்டியிலேயே வையுங்கள்.

உங்கள் லேப்ராஸ்கோபி அங்கே உதவாது. வயிற்றை உப்பவைக்கும் வாயு இருக்காது, இருந்தால் கரண்ட் இருக்காது. 2015இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த குழு ஒன்று, பாதுகாப்பான அறுவை சிகிச்சை கைக்கெட்டாதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்று சொன்னது. ஒரு ஆஸ்பத்திரி இயங்குகிறதா என்று பார்க்க அது வைத்த அளவுகோல் மூன்றே மூன்று: சிசேரியன், வயிற்றைத் திறப்பது, தோலைக் கிழித்து வெளியே வந்த எலும்பு முறிவு. நீங்கள் கடைசியாக எப்போது சிசேரியன் செய்தீர்கள்? ஹவுஸ் சர்ஜன் காலத்தில் எட்ட நின்று பார்த்திருப்பீர்கள். தெரிந்த மகப்பேறு டாக்டரிடம் கேட்டு இரண்டு மாதம் இரவு டூட்டி நில்லுங்கள். கீட்டமின் என்ற மயக்க மருந்தில் வேலை செய்து பழகுங்கள்.

அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு இல்லாமல் கத்தியைத் தொடாதீர்கள். வழியில் எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு, அதனால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். மலேரியா மாத்திரையும் மறக்கவேண்டாம்.

கிளம்பும்முன் ஒருநாள் அரிசிப்பாளையம் வந்துவிட்டுப் போங்கள். என்னிடம் தலையில் மாட்டும் விளக்கு ஒன்று சும்மா கிடக்கிறது. பேட்டரி மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.